திரும்பி வரும் பெயர்கள்: ‘அக்னி நதி’யின் மறுவாசிப்பு

கலசப்பாக்கத்தில், செய்யாற்றங்கரைக்குச் சற்று உள்ளே, பட்டுத் தறி ஒன்றின் அருகே ஒரு பிற்பகல் முழுவதும் அமர்ந்திருக்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. ஆரணிப் பட்டு என்று பெயர் பெற்ற சேலைகள் ஆரணி நகருக்குள் மட்டும் நெய்யப்படுபவை அல்ல; சுற்றியுள்ள சிற்றூர்களின் வீட்டுத் தறிகளுக்கும் அப்பெயரில் பங்குண்டு. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. துளையிட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு மாலையாகத் தொங்குகின்றன. நெசவாளர் மிதியை அழுத்தும்போதெல்லாம் ஓர் அட்டை நகர்ந்து அடுத்தது வருகிறது. கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டையே திரும்ப வருகிறது. சேலைக் கரையில் ஒரு மயில் முடிந்து அதே மயில் மறுபடியும் தொடங்குகிறது. “அட்டையில ஒரு ஓட்டை தப்பா விழுந்துட்டா பாய், வர்ற மயிலுக்கெல்லாம் அதே இடத்துல கண்ணு போயிடும். அட்டைய மாத்திக்கலாம். நெய்ததை ஒண்ணும் பண்ண முடியாது” என்றார் அந்தப் பெரியவர்.

அன்று நம் பையில் குர்ரதுல்ஐன் ஹைதரின் ‘அக்னி நதி’ இருந்தது. நேஷனல் புக் டிரஸ்டுக்காகச் சௌரி தமிழாக்கிய பிரதி. இருபது ஆண்டுகளுக்கு முன் படித்ததை மீண்டும் படித்துக்கொண்டிருந்தோம். பெரியவரின் சொல், அந்நாவலைப் பற்றி அதுவரை நமக்குப் பிடிபடாதிருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டியது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாழ்ந்த வாழ்வையே மீண்டும் வாழ்வது என்ற கற்பனையில் பல நாவல்கள் எழுதப்பட்டுள்ளன. கென் கிரிம்வுட் 1986இல் எழுதிய ‘ரீப்ளே’யில், 43 வயதில் மாரடைப்பால் இறக்கும் ஒருவன் பதினெட்டு வயது இளைஞனாக 1963இல் கண்விழிக்கிறான், பிறகு மறுபடியும், மறுபடியும். கேட் அட்கின்சனின் ‘லைஃப் ஆஃப்டர் லைஃப்’ நாவலில் (2013) அர்சுலா என்ற பெண் 1910ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்துப் பனிநாளில் பிறந்து, இறந்து, அதே பனிநாளில் திரும்பத் திரும்பப் பிறக்கிறாள். இவ்விரண்டிலும் முந்திய வாழ்வின் அறிவு, முழு நினைவாகவோ உடலில் தங்கிய அச்சமாகவோ, அடுத்த வாழ்வுக்குப் பயன்படுகிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லத்தக்கது ருஷ்ய எழுத்தாளர் உஸ்பென்ஸ்கியின் ‘இவான் ஒசோகின்’ கதை. 1915இல் பெத்ரோகிராடில் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்புதான், 1913–14இல், அவர் இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையில் சில வாரங்கள் தங்கியிருந்தார் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. காதலியை இழந்த ஒசோகின் ஒரு மந்திரவாதியிடம் சென்று, தன்னைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னோக்கி அனுப்புமாறு மன்றாடுகிறான். நடக்கப்போவதெல்லாம் நினைவிலிருந்தால் எதையும் திருத்திவிடலாம் என்பது அவன் நம்பிக்கை. மந்திரவாதியும் நினைவோடுதான் அனுப்பிவைக்கிறான். பள்ளி மாணவனாகத் திரும்பிச் செல்லும் ஒசோகின், இது தவறு, இதன் விளைவு இன்னது என்று அறிந்துகொண்டே முன்பு செய்ததனைத்தையும் ஒன்றுவிடாமல் மறுபடியும் செய்கிறான்.

கலைநயத்தில் இது முதல்தரமான நாவல் அன்று. கருத்து கதையை இழுத்துச் செல்லும் இடங்கள் மிகுதி. ஆனால் திருமறையோடு பழக்கமுள்ள ஒருவர் இதைப் படிக்கும்போது திடுக்கிட நேரும். மரண வேளையில் மனிதன் தன்னைத் திருப்பி அனுப்புமாறு இறைவனிடம் கெஞ்சுவதையும், அக்கோரிக்கை மறுக்கப்பட்டு, எழுப்பப்படும் நாள்வரை பர்ஸக் என்னும் திரை குறுக்கே நிற்பதையும் ‘முஃமினூன்’ அத்தியாயம் (23:99–100) கூறுகிறது. ‘அன்ஆம்’ அத்தியாயம் (6:28) இன்னும் ஒரு படி ஆழமாகச் செல்கிறது: அப்படியே திருப்பி அனுப்பப்பட்டாலும், எதைவிட்டுத் தடுக்கப்பட்டார்களோ அதற்கே அவர்கள் மீள்வார்கள் என்பது அதன் கருத்து. முதல் வசனத்தில் மறுப்பு இருக்கிறது. இரண்டாவதில் அம்மறுப்புக்கான உளவியல் இருக்கிறது. அறிவு போதாமையால் மனிதன் தவறு செய்கிறான் என்றால் மறுவாய்ப்புக்குப் பொருளுண்டு. அறிந்தே செய்கிறான் என்றால் நூறு வாய்ப்புகளும் ஒன்றுதான். ஒசோகினின் கதை இந்த இரண்டாம் வசனத்தின் விரிவுரை போல, ஆசிரியர் அறியாமலே, அமைந்துவிட்டது.

தமிழில் இக்கற்பனை பெரும்பாலாரைச் சென்றடைந்தது நாவல் வழியாக அன்று, திரைப்படம் வழியாக. 2021 நவம்பரில் வெளிவந்த ‘மாநாடு’ படத்தின் நாயகன் பெயர் அப்துல் காலிக். முதலமைச்சரைக் கொன்று பழியை ஒரு முஸ்லிம் இளைஞன்மீது போடும் சதி நடக்கவிருக்கும் ஒரே நாளில் அவன் மீண்டும் மீண்டும் விழித்தெழுகிறான். ஒவ்வொரு முறையும் கொல்லப்பட்டு, கடைசியில் சதியை முறியடிக்கிறான். வெகுசனப் படத்துக்குரிய ஆரவாரங்கள் அதில் உண்டு. ஆயினும் திரும்பத் திரும்ப வரும் அந்த நாள் எத்தகைய நாள் என்பதைக் கவனித்தவர்கள் நம்மில் இருந்திருப்பார்கள். எங்கோ ஒரு குண்டு வெடித்து, யார் பெயர் அறிவிக்கப்படுமோ என்று நம் வீடுகள் தொலைக்காட்சியின் முன் மூச்சடக்கி அமர்ந்திருக்கும் நாள் அது. அந்த நாளை நாம் பலமுறை வாழ்ந்திருக்கிறோம். அதற்கு மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

இவையனைத்திலும் மீண்டும் வாழ்பவருக்கு ஏதோ ஒரு வகையில் நினைவு இருக்கிறது. ‘அக்னி நதி’ இவற்றிலிருந்து விலகும் இடம் இதுதான். அதில் எவருக்கும் எதுவும் நினைவில்லை.

‘ஆக் கா தர்யா’ என்ற பெயரில் உருது மூலம் வெளிவந்தது 1959இல். நான்கு காலங்கள். முதலாவது, மௌரியப் பேரரசு எழுகின்ற காலம்: சிராவஸ்தி அருகே குருகுலத்தில் பயிலும் கௌதம நீலாம்பரன், துறவியான ஹரிசங்கர், அயோத்தியின் சம்பகா. இரண்டாவது, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதி: ஜவுன்பூர் ஷர்க்கி சுல்தானின் நூலகத்துக்காக நூல்களைத் தேடும் அபுல் மன்சூர் கமாலுத்தீன், அயோத்தியின் சம்பாவதி. மூன்றாவது, கும்பினியாரின் காலம்: சிரில் ஆஷ்லி என்ற ஆங்கிலேயன், வங்காள எழுத்தர் கௌதம நீலாம்பர் தத், லக்னோவின் கணிகை சம்பா ஜான், நவாப் கம்மன். நான்காவது, விடுதலைக்கு முன்னும் பின்னுமான ஆண்டுகள்: லக்னோவின் கௌதம், ஹரிசங்கர், கமால், சம்பா அகமது, கேம்பிரிட்ஜின் சிரில். பெயர்கள் திரும்பி வருகின்றன. அவற்றோடு சில முகபாவங்களும் சில தயக்கங்களும் சில துரோகங்களும் திரும்பி வருகின்றன. ஆனால் லக்னோவின் சம்பா ஜானுக்கு அயோத்தியின் சம்பகாவைத் தெரியாது.

இது மறுபிறவி நாவலா என்று நம் வட்டாரங்களில் ஐயத்தோடு கேட்கப்படுவதுண்டு. ஒரு முஸ்லிம் எழுத்தாளர் தனாஸுக் கோட்பாட்டை, அதாவது ஆன்மா உடல் விட்டு உடல் பாய்கிறது என்ற கருத்தை, எப்படித் தம் நாவலின் முதுகெலும்பாக்கலாம் என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது. கேள்வியை இழிவாகக் கருத வேண்டியதில்லை. சுமார் 1030இல் ‘கிதாபுல் ஹிந்த்’ எழுதிய அல்பீரூனி, கலிமா இஸ்லாத்துக்கு அடையாளமாக இருப்பதுபோல மறுபிறவிக் கொள்கை இந்தியரின் சமயத்துக்கு அடையாளம் என்று இனங்கண்டார். அவர் அதை ஏற்கவில்லை, எள்ளி நகையாடவுமில்லை. பக்கம் பக்கமாக விளக்கினார். மறுப்பதற்கு முன் ஒன்றை அதன் சொந்தக்காரர் சொல்வதுபோலவே சொல்லிப் பார்க்கும் அந்த அறிவு நேர்மைக்கு ஹைதரும் ஒரு வாரிசு. (நம் பேச்சு வழக்கும் இதில் அத்தனை தூய்மையானதன்று. ‘இந்த ஜென்மத்தில் நடக்காது’ என்று அலுத்துக்கொள்ளாத தமிழ் முஸ்லிம் வீடு உண்டா?)

நாவலைக் கூர்ந்து நோக்கினால், மறுபிறவி அங்கே ஒரு நம்பிக்கையாக நான்கு காலமும் நீடிக்கவில்லை என்பது தெரியும். முதற் கௌதமனைச் சூழ்ந்தவர்களுக்கு அது ஐயமற்ற உண்மை. அதிலிருந்து விடுபடுவது எப்படி என்பதே அவர்களின் விவாதம். கமாலுத்தீனுக்கு அது அந்நியமான, ஆனால் ஆர்வமூட்டும் செய்தி. மூன்றாம் காலத்துக் கௌதமன் ஆங்கிலக் கல்வியும் சமயச் சீர்திருத்தமும் தொட்டவன்; அவனுக்கு அது பழங்கதை. நான்காம் காலத்து இளைஞர்கள் மார்க்ஸையும் எலியட்டையும் பேசுகிறவர்கள். அவர்களுக்கு அது நண்பர்களிடையே ஒரு கேலிப் பேச்சு. நம்பிக்கை தேய்ந்துகொண்டே போகிறது. பெயர்கள் மட்டும் விடாமல் திரும்பி வருகின்றன. எனவே திரும்பி வருவது ஆன்மா அன்று. தறியில் திரும்பி வரும் அட்டையைப் போல, ஒரு நாகரிகத்துக்குள் விழுந்துவிட்ட ஒரு துளை அது. இழை ஒவ்வொரு முறையும் புதியது. அதனால் கேள்வி கணக்கும் ஒவ்வொரு முறையும் புதியதே. சம்பாவை முதல் முறை கைவிட்டவன் ஒருவன், இரண்டாம் முறை கைவிட்டவன் வேறொருவன். இருவரும் தத்தம் செயலுக்குத் தாமே பொறுப்பாளிகள். இப்படி வாசிக்கும்போது நாவலுக்கும் நம் அகீதாவுக்கும் இடையே முரண் எதுவும் நமக்குத் தென்படவில்லை.

பாத்திரங்களுக்கு நினைவில்லை என்றால் யாருக்கு நினைவிருக்கிறது? வாசகருக்கு. சம்பா ஜான் முதுமையில் பிச்சையெடுப்பவளாகக் காட்டப்படும் இடத்தில், சம்பகாவும் சம்பாவதியும் நம் மனத்தில் மட்டுமே அவளருகே நிற்கிறார்கள். ஒசோகினைக் கதைக்குள் மந்திரவாதி அனுப்பினான். இங்கே அனுப்பப்பட்டவர்கள் நாம். அடுத்து வரும் கௌதமன் என்ன செய்வான் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இந்த அறிவு நமக்கு எந்த வசதியையும் தருவதில்லை. குற்றத்தைக் கண்ணால் கண்டும் சொல்ல முடியாத சாட்சியின் நிலையில் நம்மை நிறுத்துகிறது.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நான்கு காலத்துச் சம்பாக்களும் காத்திருப்பவர்களாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆண்கள் தத்துவம் பேசுகிறார்கள், போரிடுகிறார்கள், ஆறு கடக்கிறார்கள். பெண் கரையில் இருக்கிறாள். ஒரு பெண் எழுத்தாளர் இதைத் தெரிந்தே செய்தார் என்று வாதிடலாம். ஆனால் இரண்டாம் சம்பாவதி அயோத்தியின் பின்னணி ஓவியமாகவே நின்றுவிடுகிறாள் என்பதை மறுப்பதற்கில்லை. இக்குறையை ஓரளவு ஈடுசெய்பவள் நான்காம் காலத்துச் சம்பா அகமது. லண்டன், பாரிஸ் எல்லாம் சுற்றிய பிறகு தன் எளிய ஊருக்கே திரும்பி, இங்கேயே இருந்து வாழ்வது என்று முடிவெடுக்கிறாள். யாருக்காகவும் காத்திராமல் ஒரு சம்பா எடுக்கும் முதல் முடிவு அதுவே. அந்த இடத்துக்கு வர ஆசிரியர் நம்மை லக்னோ, கேம்பிரிட்ஜ் நண்பர் குழாமின் முடிவில்லாத உரையாடல்களின் ஊடே நடத்திச் செல்கிறார். முதல் மூன்று காலங்களின் செறிவு நான்காவதில் இல்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் அப்பக்கங்களில் யார் பேசுகிறார் என்பதே பலவிடங்களில் மறந்துபோகிறது.

நாவலின் உயிர்நிலை கமாலில் இருக்கிறது என்பது நம் கருத்து. சம்பா நான்கு காலத்திலும் இருக்கிறாள். கமால் முதற் காலத்தில் இல்லை. இரண்டாவதில்தான் ஆற்றங்கரைக்கு வந்து சேர்கிறான், பாரசீகமும் அரபும் அறிந்த அந்நியனாக. 1479இல் பஹ்லூல் லோடி ஜவுன்பூரைக் கைப்பற்றிய பிறகு அவன் அலைகிறான். காசியில் கபீரைச் சந்திக்கிறான். வங்கத்தில் உழவனாகி, அங்கேயே மணம் முடித்து, அம்மண்ணின் மொழியைத் தன் மொழியாக்கிக்கொள்கிறான். முடிவில் படைவீரர்களின் கையில், துரோகி என்ற பழியோடு சாகிறான். வந்தவன் என்பதை மறந்தே போன ஒருவனை, வந்தவன்தானே என்று நினைவூட்டிக் கொல்கிறார்கள்.

நான்காம் காலத்துக் கமாலுக்கு இந்த முன்கதை தெரியாது. அவன் பிரிவினையை எதிர்த்தவன். நண்பர்களோடு ஒன்றுபட்ட நாட்டைக் கனவு கண்டவன். கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பிய பின் வேலை கிடைக்கவில்லை. குடும்ப வீடு வெளியேறியோர் சொத்தாகக் கொள்ளப்படுகிறது. ஒருநாள் அவனும் எல்லை கடக்கிறான். பின்னர் ஒருமுறை பாகிஸ்தான் குடிமகனாக இந்தியா வரும்போது, பழைய நண்பர்களைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறான். இறுதியில் கௌதமும் ஹரிசங்கரும் சிராவஸ்தியில், ஆற்றின் அருகே நிற்கிறார்கள். முதற் காலத்தில் இருந்த அதே இருவர். கமால் அங்கே இல்லை. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக் கதையில் இடையே வந்து இடையே போனவன் அவன் ஒருவனே என்பதுபோல அக்காட்சி அமைந்துவிடுகிறது.

இதைக் கமாலின் மீதான குற்றச்சாட்டு என்று வாசித்தவர்கள் உண்டு. கமாலை வெளியேற்றிய நாட்டின் மீதான குற்றச்சாட்டு என்று வாசித்தவர்களும் உண்டு. இரண்டாவது வாசிப்பே சரி என்று முன்பு நாம் கருதியிருந்தோம். இப்போது அத்தனை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. கமாலின் ஒவ்வொரு அடிக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் நண்பர்களைப் பார்க்காமல் ரயில் ஏறியதற்கு எந்த அரசும் காரணமன்று. அது அவனுடைய துளை. முதற் கௌதமன் சம்பகாவிடமிருந்து விலகிச் சென்ற அதே இயல்புதான் இன்னொரு பெயரில் இங்கே தலைகாட்டுகிறது.

ஆசிரியரின் வாழ்வு இங்கே வந்து கலக்கிறது. 1927இல் அலிகரில் பிறந்த ஹைதர், பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்றார். இந்நாவல் வெளிவந்தபோது அங்கே கடும் கண்டனத்துக்கு உள்ளானது. அறுபதுகளின் தொடக்கத்தில் இந்தியா திரும்பி, 2007இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். 1989ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்கு வழங்கப்பட்டது. கமால் எடுக்காத திரும்புகைச் சீட்டை அவனைப் படைத்தவர் எடுத்துக்கொண்டார். அது மட்டுமன்று. சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1998இல், இதே நாவலை அவரே ஆங்கிலத்தில் மறுபடைப்பாக எழுதி வெளியிட்டார். எழுதிய ஒன்றை மறுபடியும் எழுதும் வாய்ப்பு எத்தனை எழுத்தாளருக்குக் கிட்டும்? பல பகுதிகளைச் சுருக்கினார், சிலவற்றை மாற்றினார். கமாலைத் திருப்பி அழைத்து வரவில்லை.

தமிழகத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் நமக்கு ஒரு தனி மனக்குறை உண்டு. ஹைதரின் இந்தியா விந்தியத்தோடு முடிந்துவிடுகிறது. அவருடைய நாவலில் இஸ்லாம் நிலவழியாக, அரசவையின் நிழலில் வருகிறது. கமாலுத்தீன் என்னதான் உழவனானாலும் சுல்தானின் நூலகத்திலிருந்து இறங்கி வந்தவன். நம் காயல்பட்டினமும் கீழக்கரையும் நாகூரும் அறிந்த வருகை வேறு. அது கடல்வழியாக, வணிகத்தோடும் மரக்கலத்தோடும் வந்து, கரையிலிருந்த மொழியை வீட்டு மொழியாக்கிக்கொண்டது. 1947இல் நம்மவரில் மிகப் பெரும்பாலோர் எங்கும் போகவில்லை. ஆகவே கமாலின் துயரம் நமக்கு ஓரளவு அண்டை வீட்டுச் சாவு. ஆற்றுக்குப் பதில் கடலை வைத்து எழுதப்பட்டிருந்தால் முதற் காலத்தில் கமாலுக்கு ஓர் இடம் கிடைத்திராவிட்டாலும், கடைசிக் காட்சியில் அவன் கரையில் நின்றிருப்பான். அந்த நாவலைத் தமிழில் இன்னும் எவரும் எழுதவில்லை.

சௌரியின் தமிழாக்கம் தடையின்றி ஓடுகிறது. ஹைதரைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டுவந்து சேர்த்த நன்றி அவருக்கு என்றும் உரியது. ஆனால் மூலத்தில் காலந்தோறும் உருது நடையே மாறும் என்பார்கள்: முதற் பகுதி வடமொழி தோய்ந்தது, அடுத்தது பாரசீகம் ஊறியது, பிறகு லக்னோவின் வீட்டுப் பேச்சு, இறுதியில் ஆங்கிலம் கலந்த இளைஞர் வழக்கு. தமிழில் நான்கும் ஏறத்தாழ ஒரே சீரான தமிழாக வந்துவிட்டன. அவற்றை வேறுபடுத்திக் காட்டக்கூடிய வளம் தமிழிடம் இல்லாமலில்லை. முதற் காலத்துக்கு மணிப்பிரவாளம் இருந்தது. கமாலுத்தீனுக்கு நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளின் நடை இருந்தது.

மறுவாசிப்பில் நாம் நெடுநேரம் நின்றுவிட்ட பக்கம் ஒன்றுண்டு. போரில் விரல்களை இழந்த முதற் கௌதமன், வெள்ளம் புரளும் சரயுவை நீந்திக் கடக்க முயல்கிறான். ஒரு பாறை கைக்கு எட்டுகிறது. விரல்களற்ற கை அதைப் பற்ற முடியாமல் வழுக்குகிறது. அடுத்துக் கரையில் நாம் காண்பது கமாலுத்தீனை. இடையில் பதினெட்டு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. முன்பு இதைக் காலம் தாவும் உத்தி என்று மட்டும் கண்டு வியந்து கடந்தோம். இம்முறை கண்ணில் பட்டது வேறு. கமாலுத்தீனுக்குப் பத்து விரல்களும் இருக்கின்றன. அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பாறையில் யாருடைய கை வழுக்கியது என்று அவனிடம் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.